என் மூட்டையைத் தூக்கியவரை நான் தூக்கினேன்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மூட்டை தூக்கியே திருவான்மியூரில் மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் பட்டதாரியாக்கினேன். இந்த வயதிலும் அரிசி மூட்டை எனக்குப் பஞ்சுதான்.

போன மாதம் அடையாறு மளிகைக் கடையில், வாங்கியதை இலவசமாகக் காரில் ஏற்றித் தரும் ஊழியர், அரிசி மூட்டையை நானே தூக்கப் போனபோது என்னைத் தடுத்தார்.

"உடு நைனா, நீயே தூக்கிக்கினு போனா நான் இன்னாத்துக்குன்னு மேனேஜர் கேப்பாரு."

"இன்னாப்பா, மூஞ்சி இப்டி வேர்க்குது?"

"வெயிலு நைனா."

மூட்டையைக் கொடுத்துவிட்டேன். வாசல் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நானே தோளில் போட்டுக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். உயிர் பிழைத்தார். இனி பாரம் தூக்கக் கூடாதாம்; வேலை போய்விட்டது.

இப்போது மூட்டையை நானே தூக்குகிறேன். உதவிக்கு வருபவரிடம் கொத்தமல்லிக் கட்டை மட்டும் கொடுத்து, மேனேஜர் கண்ணெதிரே என்னோடு நடக்க வைக்கிறேன். கடைக்காரர்களோ அன்று விழுந்தவரைத் தாங்கள்தான் காப்பாற்றியதாகச் சொல்லித் திரிகிறார்கள். தூக்கியது நான். அதை உங்கள் பத்திரிகையில் என் பெயரோடு போடுங்கள்.