பக்கத்துக் கட்டில்

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில்தான் சுந்தரவல்லி கால் ஒடிந்து விழுந்தாள். செங்கல்பட்டில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் தையல் டீச்சர். அன்று பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போன பிறகும் கேட் திறக்கவில்லை. மழை வலுக்கிறதே என்று பக்கத்துச் சந்து வழியாக நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டப் போனாள். ஈரக் கட்டையில் செருப்பு வழுக்கியது. இடது பாதம் தண்டவாளத்தின் அடியில் சிக்கிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போய் விழுந்தது. கேட்கீப்பர் செங்கல்வராயன் ஓடி வந்து தூக்கி, ஒரு ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்.

கணுக்காலில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது, திறந்து தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும் என்றார் டாக்டர்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? கையெழுத்துப் போடணுமே."

"வெளியூர்ல இருக்காரு."

யார் கேட்டாலும் அவள் சொல்கிற பதில் அது. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது ஒரு பொய் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மெட்ராஸிலிருந்து தம்பி பட்டாபிராமன் வந்து கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழிக்கும்வரை இருந்தான். ஆபீஸில் லீவு இல்லை என்று மறுநாள் காலை ரயிலேறிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்குக் குடும்பம் இருந்தது.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. முழங்கால்வரை மாவுக்கட்டு. அதற்குள்ளே கால் தன்னுடையதாகவே இல்லை. ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் மரத்துப்போகும், ஒரு நேரம் யாரோ உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டுவது போலிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"இன்னா டீச்சரு, வலிச்சா வாய்வுட்டு அழுங்க. இங்க யாரு கேக்கப் போறாங்க? நான் மொத நாளு போட்ட சத்தத்துல நர்ஸம்மா பயந்துபூட்டாங்க."

பக்கத்துக் கட்டில்காரி பேசினாள். பெயர் உம்மு சல்மா. சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்தவள். பரணிலிருந்து புளிப்பானையை இறக்கும்போது ஏணி சரிந்து, முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. கம்பி போட்டுத் தைத்துக் கட்டியிருந்தார்கள். புருஷன் நூர்முகமது தேங்காய்க் கயிறு வியாபாரி. வீட்டில் ஐந்து பிள்ளைகள், மாமியார், நாத்தனார், நாத்தனாரின் பிள்ளைகள்.

சல்மாவுக்குப் பேசாமல் இருக்க வராது. காலையில் ஆயா வந்து பெருக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். கடல் உப்புக் காற்றில் தகரப்பெட்டியெல்லாம் துருப்பிடிப்பது, பழைய கோட்டைச் சுவருக்குள் அவள் ஆடுகள் போய் ஒளிந்துகொள்வது, மூத்த பெண் சுராயாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, மாமியார் பொடி டப்பியை ஒளித்து வைப்பது, எல்லாம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை தோறும் அவள் வீட்டுக் கூட்டம் பஸ்ஸேறி வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். தூக்குவாளி நிறைய சோறு வரும். அதில் டீச்சருக்கென்று தனியாக இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் இருக்கும்.

சுந்தரவல்லியைப் பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தடவை நான்கு பேர் சாத்துக்குடியோடு வந்தார்கள். கால்மாட்டில் நின்று, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். ஆனாலும் அந்த நாட்களில் அவளுக்கு யாரும் வரவில்லையே என்று தோன்றவில்லை. பொழுது விடிந்தால் சல்மா இருந்தாள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை இவள் உரக்கப் படிக்க, அவள் நடுநடுவே கதாநாயகியைத் திட்டுவாள். வேறு இரண்டு கட்டில்காரிகளும் அதைக் கேட்கத் திரும்பிப் படுப்பார்கள்.

ஒரு மத்தியானம், வார்டே தூங்கிக்கொண்டிருந்தபோது சல்மா மெதுவாகக் கேட்டாள். "டீச்சரு, உங்க வூட்டுக்காரரு எந்த ஊர்ல கீறாரு? ஒரு தபா கூட வந்து பாக்கலியே."

சுந்தரவல்லி வழக்கமான பதிலைத்தான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் சொன்னது வேறு. கல்யாணமான இரண்டாம் வருஷம் பம்பாயில் வேலை கிடைத்திருக்கிறது என்று போனவர் திரும்பவே இல்லை. இருக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியாது. தாலியைக் கழற்றவும் முடியாது. பெற்றவர்கள் அதை எண்ணியெண்ணியே போய்ச் சேர்ந்தார்கள். அதைப் பற்றித் தம்பியும் பேச மாட்டான், அவளும் பேசியதில்லை. கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

சல்மா முழங்கையை ஊன்றி இவள் பக்கம் திரும்பினாள்.

"அவரு பேரு இன்னா?"

புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லை. சுந்தரவல்லி அந்தப் பெயரை உச்சரித்தே எத்தனையோ வருஷமாயிற்று. "ராஜாராம்" என்றாள்.

"பேரெல்லாம் நல்லாத்தான் கீது" என்றாள் சல்மா.

அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் சுந்தரவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சல்மாவும் சேர்ந்துகொண்டாள். நர்ஸ் வந்து அதட்டும்வரை இரண்டு பேரும் போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சல்மாவை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிற அன்று சுந்தரவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கால் சரியானதும் நேரா எங்க வூட்டுக்குத்தான் வரணும். வரலேன்னா நான் வந்து இட்டுகினு போவேன்" என்றாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டிலில் வேறொருத்தி வந்து படுத்தாள். அவள் நாள் முழுக்கத் தூங்கினாள்.

பிறகு சுந்தரவல்லியும் வீடு திரும்பினாள். கோர்ட்டு குமாஸ்தா வெங்கடராகவன் வீட்டின் பின்கட்டில் ஒரு அறையும் சமையல் மூலையும் அவளுக்கு வாடகைக்கு. வெங்கடராகவனின் மனைவி ருக்மிணி நல்ல மாதிரி. வேலைக்காரியை இரண்டு குடம் தண்ணீர் இறைத்து வைக்கச் சொல்வாள். முதல் வாரம் ரசமும் சாதமும் அனுப்பினாள். முற்றத்தில் துணி எடுக்க வரும்போது, "வலி தேவலையா?" என்பாள். "தேவலை" என்பாள் இவள். பேச்சு அதோடு முடியும்.

கக்கத்தில் கட்டையைக் கொடுத்துக்கொண்டு அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே நடப்பதுதான் அவள் நடமாட்டம். ஒரு டம்ளர் காப்பியை ஒரு கையால் எடுத்துக்கொண்டு நாலடி நடக்க முடியாது. அதனால் அடுப்படியிலேயே சுவரில் சாய்ந்து நின்று குடித்துவிடுவாள். குளிப்பதற்கு முக்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஒருநாள் சோப்பு கை நழுவி எட்டாத மூலைக்குப் போய்விட்டது. கூப்பிட்டால் ருக்மிணி வருவாள். ஆனால் கூப்பிட வாய் வரவில்லை. சோப்பில்லாமலே குளித்து முடித்து, வெகுநேரம் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

விழுவதற்கு முன்னாலும் அவள் இதே அறையில் இதே மாதிரி தனியாகத்தான் இருந்தாள். அப்போதெல்லாம் இது உறைக்கவில்லை. வார்டில் இருந்துவிட்டு வந்த பிறகு அறையின் நிசப்தம் காதை அடைத்தது. காலையில் கண் விழித்தவுடன், பக்கத்தில் யாரோ பேச ஆரம்பிக்கப்போகிறார்கள் என்று ஒரு கணம் காத்திருப்பாள்.

தை மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த கால் சூம்பி, தோல் செதில் செதிலாக உரிந்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தழும்பு கணுக்காலின் பக்கவாட்டில் ஒரு கோணல் தையல் போல ஓடியது. தன் வகுப்புப் பிள்ளை இப்படித் தைத்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கச் சொல்லியிருப்பாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு, விரல்களை மடக்கி நீட்டிப் பழகச் சொன்னார் டாக்டர். பழகினாள். பாதம் மேலே மடங்க மறுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டையை விட்டுக் கைத்தடிக்கு வந்தாள். முற்றத்தில் கிணற்றைச் சுற்றி நடந்தாள், பிறகு தெருக்கோடிவரை. "நல்லா நடக்கறேளே" என்றாள் ருக்மிணி. அதைப் போய்ச் சொல்ல அவள் மனசில் ஒரே ஒருத்திதான் இருந்தாள், சல்மா.

தேர்தல் நேரம். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் சின்னங்கள் வரைந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, சுராயாவுக்கென்று தானே பூப்போட்ட ஒரு கைக்குட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் ஏசுபாதம் அவள் கைத்தடியைப் பார்த்து முன் சீட்டைக் காலிபண்ணிக் கொடுத்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை அடித்தது. சல்மா முதலில் என்ன சொல்வாள், தான் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப்பார்த்துக்கொண்டே போனாள்.

கயிற்று வியாபாரி வீடு என்றதும் கைகாட்டினார்கள். வாசலில் ஏகப்பட்ட செருப்பு. உள்ளே பெண்கள் கூட்டம். சுராயாவைப் பார்க்க அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்தார்கள்.

"டீச்சரு!" சல்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து கட்டிக்கொண்டாள். "வந்துட்டீங்களா! நான் சொன்னேன்ல, அவங்க இவங்கதான்." உள்ளறையில் பாய் விரித்து உட்கார வைத்தாள். "ரவ இருங்க, தோ வந்துட்டேன்" என்று போனாள். தேநீர் வந்தது, பலகாரம் வந்தது, சல்மா வரவில்லை. எட்டிப் பார்த்துச் சிரித்தாள். யாரோ கூப்பிடப் போய்விட்டாள். பிறகு சாப்பாடு வந்தது. சின்னப் பிள்ளைகள் கதவைப் பிடித்துக்கொண்டு அவளுடைய தடியைப் பார்த்தார்கள். பேச வைத்திருந்ததெல்லாம் அவள் நெஞ்சிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

சல்மாவின் நாத்தனார் உம்மு ஹபீபா தாம்பூலத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். பரிவோடுதான் கேட்டாள். "பம்பாய்க்குப் போனவரு திரும்பியே வரலியாமே? ஒரு சேதியும் இல்லியா? ராஜாராமுதானே அவரு பேரு?"

சுந்தரவல்லிக்கு முகம் தீய்ந்தது போலிருந்தது. அந்தப் பெயர், இத்தனை வருஷத்தில் தன் வாயிலிருந்து ஒரே ஒரு தரம் வெளியே வந்த பெயர், இங்கே வெற்றிலையோடு வருகிறது. வெளியே காற்றாட நிற்கிறேன் என்று தடியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாக நடந்தாள்.

கோட்டைச் சுவரைத் தாண்டினால் மணல். தடி புதைந்தது. ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் பக்கவாட்டில் திரும்பி வலித்தது. கரையேற்றிப் போட்டிருந்த கட்டுமரம் ஒன்றில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. கைக்குட்டையை இன்னும் கொடுக்கவில்லை என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

சல்மா தேடிக்கொண்டு வந்தாள். முழங்கால் மடங்காத காலை வீசி வீசிப் போட்டு, மூச்சிரைக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா டீச்சரு, சொல்லாத கொள்ளாத வந்துட்டீங்க? மணல்ல நடக்கலாமா இந்தக் காலோட?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா, சல்மா?"

"இன்னாத்த?"

"என் விஷயத்தை."

சல்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஆமா, சொன்னேன். வூட்டுக்கு வந்ததுலேர்ந்து உங்க பேச்சுதான். டீச்சரு கதை படிச்சது, டீச்சரு சிரிச்சது, டீச்சரு பட்ட கஷ்டம். எங்க மாமி உங்களுக்காவ துவா கேட்டுகினு கீது. சொல்லக்கூடாதா?"

"உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"எங்க வூட்ல 'மட்டும்'னு ஒண்ணு இல்லியே டீச்சரு. அத்தினி பேரு ஒரே கூரைக்குள்ள. எனக்குன்னு ஒண்ணு வச்சிக்க எனக்குத் தெரியாது." குரல் தாழ்ந்தது. "மனசு நொந்துட்டீங்களா?"

நொந்துதான் போயிருந்தது. இல்லை என்று சொல்ல சுந்தரவல்லி விரும்பவில்லை. "ஆமாம்" என்றாள். வலித்தால் வலிக்கிறது என்று அவள் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சல்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான், வுட்ருங்க" என்றாள். அலை வந்து வந்து போயிற்று. இத்தனை மாதமாகத் தான் செங்கல்பட்டில் ஒரு அறையில் வாய் திறக்காமல் கிடந்தபோது, இங்கே ஒரு வீடு நிறைய ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது அவமானமா ஆறுதலா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இரண்டுமாகவே இருந்தது.

"அம்மா, அவங்க கெளம்புறாங்களாம்" என்று வீட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது. சல்மா எழுந்து நொண்டிக்கொண்டே விரைந்தாள். எழுந்திருக்க அவளுக்குச் சுந்தரவல்லியின் தோள் தேவைப்பட்டது.

கைக்குட்டையைச் சுராயாவிடம் கொடுத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினாள். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்துவிட்டது. முற்றத்தில் நின்றிருந்த ருக்மிணி அதைப் பார்த்து, "இந்தக் காலோட எங்கே போயிருந்தேள்?" என்றாள்.

"சதுரங்கப்பட்டினத்துல ஒரு சிநேகிதி வீட்டுக்கு."

"உங்களுக்கு சிநேகிதி இருக்காளா? சொல்லவே இல்லையே."

குத்திக்காட்டிச் சொன்னதல்ல. உள்ளே பால் பொங்குகிறது என்று அவள் போய்விட்டாள். ஆனால் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் சுந்தரவல்லி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக இந்த வீட்டில் குடியிருக்கிறாள். தான்தான் எதையும் சொன்னதில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்குப் போனாள். லேசான சாய்வு நடையில் நிலைத்துவிட்டது. ருக்மிணியிடம் முன்னைவிட நாலு வார்த்தை கூடப் பேசினாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வரவில்லை. சாயங்காலங்கள் பழையபடியேதான் நீண்டன. ஆவணியில் ஒருநாள் பஸ் கண்டக்டர் ஏசுபாதம் கடைத்தெருவில் பார்த்து, போன வாரம் கயிற்றுக்காரர் சம்சாரத்தை முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள் என்று சொன்னார். சல்மா ஊருக்குள் வந்து, பார்க்காமலே போயிருக்கிறாள். அன்று முழுக்க சுந்தரவல்லிக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே பஸ் ஏறினாள். சல்மா வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு என்னைப் பாக்காமப் போயிட்டியே."

"பஸ்ஸு வந்துட்சி டீச்சரு. அத வுட்டா பேஜாராப் பூடும்னு இவரு இஸ்துகினு வந்துட்டாரு." சல்மா கொஞ்சங்கூடக் கூசாமல் சொல்லிவிட்டு, புளியைத் தள்ளிப் பாயில் இடம் பண்ணினாள். "உக்காருங்க. சுராயா நிக்காவுக்குத் தேதி வச்சாச்சி. அத்த மொதல்ல கேளுங்க."

சுந்தரவல்லி காலை நீட்டி உட்கார்ந்தாள்.