லோயர் கேம்ப்பில் நின்ற வண்டி

என் கணவர் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொன்ன நாளிலிருந்து அவர் வாயில் எப்போதும் ஏலக்காய் இருந்தது. ஏலக்காய் வியாபாரிக்கு ஏலக்காய்க்கா பஞ்சம்? குமுளிப் பக்கத்துச் சின்னத் தோட்டங்களில் வாங்கி, அம்பாசிடர் காரின் டிக்கியில் மூட்டையாகப் போட்டுக்கொண்டு போடியில் கொண்டுபோய் விற்பார். சட்டைப் பையில் கை விட்டால் நாலு காய் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், சிகரெட் குடித்த காலத்திலும் வீட்டுக்குள் நுழையுமுன் வாடை தெரியாமலிருக்க அவர் மென்றது அதே ஏலக்காயைத்தான். திருடனும் போலீசும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் நான் யாரைப் பிடிப்பது?

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. தேனியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிகரெட்டை இன்றோடு விடவேண்டும் என்றார். திரும்பி வரும்போது வீரபாண்டிப் பாலத்தில் வண்டியை மெதுவாக்கி, பையிலிருந்த பாக்கெட்டை ஆற்றில் எறிந்தார். எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பும்படியாக அவர் அதுவரை ஒன்றும் செய்திருக்கவில்லை.

அதற்கு முன்பெல்லாம் வருடா வருடம் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவார். போட்ட அன்றே சிகரெட் நின்றுவிடும். விரதம் முடியும்வரை மனிதர் சாமிதான், குறை சொல்ல முடியாது. மலையிலிருந்து திரும்பி, குமுளி வளைவுகளில் இறங்கி, லோயர் கேம்ப்புக்கு வந்ததும் ரோட்டோரப் பெட்டிக்கடையில் வண்டி நிற்கும். முதல் சிகரெட் அங்கேதான். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றும்வரைகூடத் தாங்காது. அந்தக் கடைக்காரர் அவருடைய வண்டியைப் பார்த்தாலே பாக்கெட்டைக் கையில் எடுத்துவிடுவார் என்று கூடப் போகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் செத்துப்போனதும் அந்தப் பெட்டிக்கடை முன்னால்தான்.

தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர் கடைக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். இன்ஜினை அணைத்து, கைப்பிரேக்கும் போட்டிருக்கிறார். ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தவரை யாரோ வேறொரு வண்டியில் ஏற்றிக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் உத்தமபாளையத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் நான். எந்தக் காகிதத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று தெரியும். போட்டேன்.

வீட்டில் கூடியிருந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. “சீரெட் வாங்கத்தான் நிப்பாட்டிருப்பாக. வேற எதுக்கு அங்கன நிக்கப் போறாக?” அந்த ஒரு கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. விட்டாரா, விடவில்லையா? மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது. சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால், தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. அழவில்லை என்று ஊரில் பேசினார்கள். அழுகை வந்தால் அழாமலா இருப்பேன்?

கருமாதி அன்று படையல் போட்டார்கள். இலையில் கறிக்குழம்பு, முட்டை, அதிரசம் என்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துவிட்டு, கடைசியில் பெரிய நாத்தனார் ஒரு சிகரெட் பாக்கெட்டைக் கொண்டுவந்து இலையோரம் வைத்தார்.

“அவுக விட்டுட்டாகளே” என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையிலேயே விட்டிருந்தால், அவர் பட்ட பாடெல்லாம் அந்த இலையில் கேலியாகிக்கொண்டிருந்தது. விடாமலிருந்தால், புருஷன் ஏமாற்றியது தெரியாமல் சபையில் பேசிய பைத்தியக்காரி நான். எது சரி என்று தெரியாமல் சும்மா இருந்தேன்.

கொழுந்தன் ஒரு சிகரெட்டை எடுத்துத் தானே பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்து, ஊதுபத்தி குத்தியிருந்த வாழைப்பழத்தின்மேல் சாய்த்து வைத்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். திறந்தபோது சிகரெட் முழுக்கச் சாம்பலாகி, வளைந்து, உதிராமல் நின்றது.

“பாத்தியாத்தா, தம்பி எப்புடி இழுத்திருக்கான்னு!” என்று நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லாருக்கும் ஒரு நிம்மதி. நான் அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வண்டி வாசலில் நின்றது. கதவைத் திறந்தால் இருக்கையின் துணியிலிருந்து ஏலக்காயும் பழைய புகையும் சேர்ந்து வரும். பழைய புகைதானா, புதுப்புகையா என்று மோந்து பார்ப்பேன். பிறகு வெட்கமாக இருக்கும், கதவைச் சாத்திவிடுவேன்.

கொழுந்தன் வந்தார். “வண்டி சும்மா நின்னா வீணாப்போகும் மதினி. நான் எடுத்து ஓட்டுறேன். அண்ணன் வண்டி நம்ம வீட்டுலயே இருந்தாப்புல இருக்கும்.”

அவர் சங்கிலிபோல ஒன்று மாற்றி ஒன்று பிடிக்கிறவர். அந்த இருக்கையில் உட்கார்ந்து புகைவிட்டபடி, அதே ஹாரனை அடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார். அதை நினைத்ததும் வேண்டாம் என்று தோன்றியது. பல வாரங்களில் எனக்கென்று தோன்றியது அது ஒன்றுதான்.

கோம்பை போகிற வழியில் ஒரு பாய், மிளகு வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, ஆதரவில்லாத பெரியவர்களுக்கு ஒரு இல்லம் நடத்தினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோவையே நம்பிக்கொண்டிருக்கிறார் என்று அலுவலகத்தில் பேச்சு. ஆள் அனுப்பி அவரை வரச்சொன்னேன்.

“நல்லா யோசிச்சுக்கங்க தங்கச்சி” என்றார் பாய். “அவசரப்பட்டுக் குடுத்துட்டுப் பின்னால மனசு சங்கடப்படக்கூடாது.”

“யோசிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணுதான். வண்டிக்குள்ள யாரும் சீரெட் குடிக்கக்கூடாது.”

“இதுல ஏறப்போறவகளுக்கு மூச்சு விடவே செரமம். நீங்க வேற” என்றார்.

சாவியைக் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கு வேண்டியதையும் நானே செய்துகொடுத்தேன். கொழுந்தன் சில மாதம் என்னோடு பேசவில்லை. தெருவில் என்னைத் தர்மவதி ஆக்கிவிட்டார்கள். பெரிய மனசு என்றார்கள், அவர் ஆத்மா சாந்தியடையும் என்றார்கள். வாசலில் அது நிற்கக்கூடாது, அவ்வளவுதான் என் தர்மம். வண்டி போன பிறகு தரையில் எண்ணெய்க்கறை மட்டும் இருந்தது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். முழுக்கப் போகவில்லை, விட்டுவிட்டேன்.

லோயர் கேம்ப்புக்குப் போய் அந்தக் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். போகவில்லை. “ஆமா, வாங்குனாரு” என்று அவர் சொல்லிவிட்டால் அதைக் கொண்டுவந்து எங்கே வைப்பது? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைப் பேசவும் வீட்டில் ஆளில்லை. ஆபீஸ், வீடு, ஆபீஸ் என்று ஒரு வருடம் போனது.

வருஷத் திதி நெருங்கியபோது பாய் வந்தார். வழக்கமாக விசேஷத்துக்குப் பணியாரமோ பிரியாணியோ கொடுத்தனுப்புவாரே தவிர நேரில் வரமாட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“லோயர் கேம்ப்புல பஸ் ஸ்டாப்புல ஒரு பெரியவரை யாரோ விட்டுட்டுப் போயிட்டாகன்னு போன் வந்துச்சு. கூட்டியாரப் போயிருந்தேன். நம்ம வண்டியப் பாத்துட்டு ஒரு பெட்டிக்கடைக்காரரு ஓடியாந்தாரு தங்கச்சி.”

பாய் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே சொன்னார்.

“அன்னைக்கு வண்டி வந்து நிக்கவும், வழக்கம்போல பாக்கெட்ட எடுத்துக்கிட்டு ரோட்டத் தாண்டி ஓடுனாராம். வேணாம்ப்பா, விட்டாச்சுன்னு சொன்னாகளாம். நெஜமாவான்னு இவரு கேக்கவும், ‘நீயுமா? எங்க வீட்டுலயும் இன்னும் நம்பல’ன்னு சிரிச்சாகளாம். வேர்த்துக் கொட்டுது, ஒரு சோடா குடுன்னு கேட்டிருக்காக. இவரு சோடாவோட திரும்பி வாறதுக்குள்ள சாஞ்சுட்டாக.”

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து போய் டீ போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன், சர்க்கரை குறைவாக, அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அவர் குடித்துவிட்டுப் போனார். வாசலில் நின்ற வண்டி கிளம்பும்போது ஹாரன் அடித்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்குமேல் என்ன வேண்டும் உனக்கு என்று என்மேலேயே கோபம் வந்தது. அதுவும் டம்ளரைக் கழுவுவதற்குள் போய்விட்டது.

திதியன்று அதே இலை, அதே கறிக்குழம்பு, அதே அதிரசம். நாத்தனார் முந்தானையிலிருந்து பாக்கெட்டை எடுத்து இலையோரம் வைத்தார். கொழுந்தன் தீப்பெட்டியோடு தயாராக இருந்தார்.

நான் குனிந்து பாக்கெட்டை எடுத்துக் கொழுந்தன் கையில் கொடுத்தேன்.

“என்னத்தா செய்யுற?” என்றார் நாத்தனார். “அவனுக்குப் பிடிச்சதுத்தா அது.”

“அவுக சீரெட் குடிக்கிறதில்ல மதினி” என்றேன்.

அடுக்களைக்குப் போய் நாலு ஏலக்காய் கொண்டுவந்து பாக்கெட் இருந்த இடத்தில் வைத்தேன். கதவைச் சாத்தினார்கள். கொழுந்தனுக்குக் கையில் பாக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. வண்டி நின்ற இடத்துக்குப் போய், எண்ணெய்க்கறைமேல் நின்றுகொண்டு ஒன்றைப் பற்றவைத்தார்.

காற்று வீட்டுப் பக்கம் வீசியது. புகை என்மேல் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து தலையணையிலும் சட்டையிலும் நான் திட்டித் திட்டித் துவைத்த வாடை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் விடுங்கள் என்று கொழுந்தனிடம் கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.