திரும்பி வரும்போது கூடும் எடை

போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை என்று விமான நிலைய ரயிலைப் பற்றி ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. மூட்டையக்காவின் காதுக்கு அது மூன்று வாய் மாறி வந்து சேர்ந்தது. நிலையத்துக்குப் பெயின்ட் அடித்தவர் தன் மச்சானிடம் சொல்ல, மச்சான் முடிவெட்டும் கடையில் அவிழ்த்துவிட, அங்கே தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"காலியாப் போற ரயிலு ஏர்போர்ட்லேருந்து ஆளை ஏத்திக்கிட்டு வருதாம். கதவைத் திறந்தா ஒருத்தரும் இல்லையாம். உங்க ரயிலா அது?"

"காலியா எங்க போகுது? ரெண்டாயிரம் மணல் மூட்டை போகுது. உங்களுக்கு முடி வெட்டினானா, கதை சொன்னானா? பின்னாடி அப்படியே இருக்கு."

பேச்சை மடக்கிவிட்டாளே தவிர, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அது வெறும் வதந்தி இல்லை என்று தெரிந்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி.

விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் எடை போட்டவள் அவள். பெட்டியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாள்; எடை மேடையில் ஏற்றினால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். ரயில் பாதை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பயணிகளை ஏற்றுவதற்கு முன்னால் புது ரயிலை ஆள் பாரத்தோடு வாரக்கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதனால் இருக்கைக்கு இத்தனை, நிற்கிற இடத்துக்கு இத்தனை என்று இருபது கிலோ மூட்டைகளை அடுக்குவது அவள் பொறுப்பு. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் சோதனைக்காக எடைக் கருவி பொருத்தியிருந்தார்கள். எண்களைக் குறித்துக்கொள்கிறவர் சின்ன சார். படிப்பு முடித்து நாலு வருஷம்கூட ஆகாத பொறியாளர்.

இந்த ரயிலுக்காக அவளைப்போல் காத்திருந்தவர்கள் ஊரில் யாரும் இல்லை. அதற்குக் காரணம் அவள் தம்பி. வெளிநாட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம். அவன் கிளம்பிய மாசம்தான் பாதைக்குக் குழி தோண்டினார்கள். தோண்டினார்கள், நிறுத்தினார்கள், மறுபடி தோண்டினார்கள். எப்போது வருகிறாய் என்று கேட்டால் அவனுக்கு ஒரே பதில்.

"அந்த ரயில் ஓடட்டும்க்கா. ஏர்போர்ட்ல ஏறி நம்ம தெரு முனையில இறங்கிடறேன். டாக்ஸிக்காரனோட யாரு மல்லுக்கட்டறது?"

"உன் தம்பி வர்றதுக்குள்ள ரயிலே ரிட்டயர் ஆயிடும்," என்பார் வீட்டுக்காரர்.

ஆனாலும் மாடி அறையை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. சாவி ஜன்னல் சட்டத்தின் மேல், அவன் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில் இருந்தது.

சோதனை ஓட்டம் தொடங்கிய அன்று அவளே போன் செய்தாள். "இனி உன் சாக்கு செல்லாதுடா." அவன் சிரித்தான். பிறகு, "வந்துடறேன்க்கா," என்றான்.

அதுதான் கடைசி. பத்தொன்பது நாளாகப் போனை எடுக்கவில்லை. போன் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு மணிதானே காதில் கேட்கும்; அந்த ஊர் மணி ஒற்றையாக நீளமாக அடித்து, மூச்சு வாங்கி, மறுபடி நீளமாக அடிக்கும். வேலையிடத்தில் விசாரித்தால், லீவு எடுத்துப் போயிருக்கிறார் என்றார்கள். எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

சோதனை ஓட்டத்தின் மூன்றாம் நாளே எடை கூட ஆரம்பித்துவிட்டது. நகரத்திலிருந்து போகும்போது சரியாக இருக்கும். திரும்பும்போது மூன்றாவது பெட்டியின் பின்கதவுப் பக்கம் எண்பத்தேழு கிலோ அதிகம்.

"மணல் தண்ணி குடிச்சிருக்கும்க்கா," என்றார் சின்ன சார்.

அந்தப் பெட்டியின் மூட்டைகளையெல்லாம் மாற்றி, பிளாஸ்டிக் உறை போட்டாள். எண்பத்தேழு. கருவியை மாற்றினார்கள். எண்பத்தேழு.

அவள் சின்ன சாரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. கிளம்புகிற அன்று தம்பி கிடங்குக்குள் நுழைந்து, பெட்டியோடு எடை மேடையில் ஏறி நின்றான். "நான் அறுபத்தி நாலு, பெட்டி இருபத்தி மூணு. லேபிள் ஒட்டி என்னையும் பார்சலாப் போட்டுடுக்கா." எண்பத்தேழு என்று அவள்தான் வாய்விட்டுப் படித்தாள்.

ரயிலுக்கு அனுமதி தருகிற அதிகாரிகள் ஒரு பிற்பகலில் வந்து முதல் பெட்டியில் உட்கார்ந்தார்கள். விமான நிலையத்தில் ரயில் நின்றதும் சின்ன சார் வியர்த்துப்போய் ஓடிவந்தார்.

"அக்கா, இன்னிக்கும் எடை கூட வந்துச்சுன்னா ஆறு மாசம் இழுத்துடுவாங்க. ஏதாவது பண்ணுங்க."

அவள் பண்ணினாள். மூன்றாவது பெட்டியில் பின்கதவை ஒட்டிய இருக்கையிலிருந்து நாலு மூட்டைகளை நடைமேடையில் இறக்கினாள். பக்கத்து இருக்கையிலிருந்த ஐந்தாவதைப் பிரித்துக் கையாலேயே ஏழு கிலோ மணலை அள்ளி வெளியே கொட்டினாள். இருக்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டித் துடைத்தபோதுதான், தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவளுக்கு உறைத்தது. யாருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

ரயில் கிளம்பியது. சின்ன சார் கையிலிருந்த திரையைப் பார்த்தார். "நம்ம ரெண்டு பேரைக் கழிச்சா கனகச்சிதம்க்கா. ஒரு கிலோ பிசகல."

அவள் காலி இருக்கைக்கு எதிரே உட்கார்ந்தாள். எண் கனகச்சிதமாக இருந்தால் அந்த இருக்கை காலியாக இருக்க முடியாது. இது எடை போடுகிறவளுக்குத் தெரியாதா? பெட்டி நிறைய மூட்டைகள், தோளோடு தோள் சாய்ந்து, வளைவு வரும்போதெல்லாம் ஒன்றாகச் சரிந்தன. ஏதாவது பேசலாமா என்று பார்த்தாள். பேசி, பதில் வந்துவிட்டால்?

தெரு முனை நிலையம் வந்தது. கதவுகள் திறந்தன. முப்பது விநாடி. நடைமேடையில் ஈ காக்கை இல்லை. கதவுகள் மூடின.

சின்ன சார் திரையைத் தட்டிப் பார்த்தார். "அக்கா, எதையாவது இறக்கினீங்களா?"

"நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எந்திரிக்கல சார்."

"எண்பத்தேழு குறையுதே!"

அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே பார்த்தாள். நடைமேடையின் கோடியில் நகரும் படிக்கட்டு. யாராவது கால் வைத்தால்தான் அது ஓடும். மற்ற நேரம் மின்சாரம் மிச்சம் என்று நின்றே கிடக்கும். அது இப்போது மேலே தெருவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரயில் நகர, தூண்கள் வந்து மறைத்துவிட்டன.

அங்கிருந்து வீட்டுக்கு நாலு நிமிஷ நடை. பெட்டியோடு என்றால் ஆறு. சாவி இருக்கிற இடம் அவனுக்குத் தெரியும்.

கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள். மணலும் வியர்வையுமாக இருந்த விரல், எண்ணை இரண்டு தடவை தவறவிட்டது.

"அக்கா, அதிகாரிங்க இந்தப் பக்கம் வர்றாங்க. என்ன சொல்றது?"

"கொஞ்சம் இருங்க சார்."

மணி அடிக்க ஆரம்பித்தது. பத்தொன்பது நாள் கேட்ட அந்த நீளமான ஒற்றை மணி இல்லை. இரண்டிரண்டாக, குட்டிக் குட்டியாக, பக்கத்து வீட்டைக் கூப்பிட்டால் கேட்குமே, அந்த மணி. இந்த ஊர் மணி.

"எடுடா," என்றாள் மெதுவாக.

இரண்டு அடித்தது. நின்றது. மறுபடி இரண்டு.