புரூனோ வயிற்றில் மூன்று வீட்டுச் சாப்பாடு

போன வாரம் திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழியில், காரின் பின் சீட்டில் ஒரு நாய் ஏப்பம் விட்டது.

நாய் ஏப்பம் விடுமா? விட்டதே!

நாயின் பெயர் புரூனோ. பார்வையில்லாத என் தோழி எலிசபெத்துக்கு வழிகாட்டும் லாப்ரடார். திருவையாற்றுக்காரரான அவர், திங்கட்கிழமை பெங்களூரில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர வேண்டும். புரூனோ இல்லாமல் அந்த ஊரில் அவரால் தெருவைக் கடக்க முடியாது. விமானத்துக்குள் அவர் காலடியிலேயே புரூனோ உட்கார்ந்து வர அனுமதி வாங்கியாயிற்று. துணைக்கு நான்.

ஒரத்தநாட்டுக் கால்நடை டாக்டர் வற்புறுத்திச் சொன்னது ஒன்றுதான் — கிளம்பும் நாளில் சாப்பாடு கூடாது. வயிறு முட்டி, உள்ளே ரகளை செய்தால்? பறப்பதற்கு முன்பே எலிசபெத்தையும் அவனையும் விமானத்திலிருந்து இறக்கிவிடுவார்கள்.

ஏப்பம் கேட்டதும் எலிசபெத்தின் முகம், கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் பக்கம் திரும்பியது.

"என்னங்க... அவனுக்கு என்ன குடுத்தீங்க?"

"கொஞ்சூண்டு தயிர்சாதம்" என்றார் லாரன்ஸ். "ஊருக்குக் கிளம்புற பிள்ளைய வெறும் வயித்தோடவா அனுப்புறது?"

அப்போது போன். பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா.

"எலிசபெத்து, புரூனோவுக்கு ரெண்டு முட்டை வெச்சேன். எதிர்வீட்டு மாமி இட்லி போட்டாங்களாம். கவலையில்லாம போயிட்டு வாங்க!"

"எனக்கு ஒரு வாய் காபி குடுக்க ஆளில்ல!" என்றார் எலிசபெத்.

புரூனோ மண்ணில்தான் 'போவான்'. அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். விமான நிலைய வாசலிலோ பார்த்த இடமெல்லாம் டைல்ஸ். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் புல்வெளி — 'மிதிக்காதீர்கள்' என்ற பலகையோடு. காலை வைத்ததும் காவலர் வந்துவிட்டார்.

"சார், புல்லுல ஏறக்கூடாது."

லாரன்ஸ் கதை முழுவதையும் சொன்னார். காவலர் பொறுமையாகக் கேட்டார்.

"டாக்டர் வேணாம்னு சொல்லியும் தயிர்சாதம் குடுத்தது யாரு?"

"நான்தாங்க."

"எங்க வீட்டுலயும் இதே கதைதான்... சீக்கிரம் முடிங்க. நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கேன்."

புரூனோ புல்லை முகர்ந்தான். எங்களைப் பார்த்தான். மறுபடி முகர்ந்தான். நாங்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை காத்திருந்தான்...

"முடிஞ்சுதா?" என்றார் எலிசபெத்.

"முடிஞ்சுது!" என்று லாரன்ஸ் கத்திய கத்தலில், டிராலி தள்ளிக்கொண்டு போனவர் நின்று திரும்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் பையால் அள்ளிச் சுத்தம் செய்ததும் லாரன்ஸ்தான். தண்டனை அதுதானே!

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கடிக்குமாங்க?"

"டூட்டில இருக்கான் சார். கடிக்க நேரமில்ல" என்றார் எலிசபெத்.

விமானம் மேலேறும்போது சீட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது நான். புரூனோ எலிசபெத்தின் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டான். அப்பாடா என்றிருந்தது.

விமானத்தில் நாயை ஏற்றலாமா என்று ஊரெல்லாம் விவாதம். நாய் ஒழுங்காக நடந்துகொள்ளுமா என்று ஆயிரம் கேள்வி. அவனுக்காவது பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்... வழியனுப்ப வருகிற நமக்கு?

பெங்களூரில் இறங்கி எலிசபெத் போனை உயிர்ப்பித்ததும் முதல் அழைப்பு ஜமீலா அக்காவிடமிருந்து.

"வந்து சேர்ந்துட்டோம் அக்கா" என்றார் எலிசபெத்.

"அது இருக்கட்டும். புரூனோ சாப்பிட்டானா?"