சிவகிரியிலிருந்து வந்த நோட்டு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். வீட்டில் சொல்வார்கள், கடையில் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள், என்னோடு ஹைஸ்கூலில் படித்த மூன்று பேரும் சொல்வார்கள். அந்த மூன்று பேரில் ஒருவன் இப்போது இல்லை. அவன் செத்ததற்கு நான் காரணமில்லை. காசநோய் வந்து செத்தான். ஆனால் சாவதற்கு முன்னால் அவன் கேட்ட ஒரே ஒரு காரியம் நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம். மற்ற இருவருக்கும் இது தெரியாது. படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

சங்கரன்கோவில் ஹைஸ்கூலில் நாங்கள் நாலு பேரும் ஒரே பெஞ்சு. ஒருவன் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாகப் போனான். ஒருவன் திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் கரிசல் காட்டில் பருத்தி போட்டான். ஒருவன் சிவகிரியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். நான் உள்ளூரிலேயே நூல் கடை. அவர்கள் மூன்று பேரும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். நான் இங்கிலீஷில் பெயிலாகிப் போனேன். மறுவருஷமும் எழுதினேன், மறுபடியும் போனேன். அந்த இரண்டாவது தடவைக்கு சிவகிரிக்காரன்தான் ஒரு கோடை முழுக்க என்னோடு உட்கார்ந்து பாடம் சொன்னான். ரிசல்ட் வந்த அன்று, “ஒன் கையெழுத்துக்கே பாஸ் போட்டிருக்கணும்லே, பேப்பர் திருத்துனவன் குருடன்” என்றான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

வருஷா வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் கடிதம். அதில் ஒருதடவை வில்லங்கம் வந்தது. திருவேங்கடத்துக்காரனின் அம்மா தவறிப்போனதை அவன் தூத்துக்குடிக்காரனுக்கு எழுதியிருக்கிறான், எனக்கு எழுதவில்லை. பன்னிரண்டு மைலில் இருக்கிற எனக்குப் பத்து நாள் கழித்து வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. பாஸானவர்கள் பாஸானவர்களுக்குள் எழுதிக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுத்த தபசுக்கு வந்தபோது மூவரையும் உட்காரவைத்துக் கத்தினேன். “இனிமே தனிக் கடுதாசியே கிடையாது. நல்லதோ கெட்டதோ நாலு பேருக்கும் ஒண்ணாத்தான் தெரியணும்” என்றேன். அப்படித்தான் நோட்டு வந்தது. உலகச் சண்டை முடிந்து, பங்கீட்டுக் கடை வாசலில் எல்லோரும் வரிசையில் நின்ற வருஷம்.

காலிகோ அட்டை போட்ட தடித்த நோட்டு. தூத்துக்குடிக்காரன் எழுதி சிவகிரிக்கு அனுப்புவான். சிவகிரிக்காரன் எழுதி எனக்கு அனுப்புவான். நான் திருவேங்கடத்துக்கு, அங்கிருந்து மறுபடியும் தூத்துக்குடிக்கு. செலவு குறைந்த, ரசீது இல்லாத புக் போஸ்டில்தான் அனுப்புவோம். ஆளுக்குப் பதினைந்து நாள். முன்னால் எழுதியிருப்பதை வரிசையாகப் படித்துவிட்டுத்தான் அடுத்தவன் எழுத வேண்டும், அதுவும் நான் போட்ட சட்டம். ஏழெட்டு வருஷம் அந்த நோட்டு ஊர் ஊராகச் சுற்றியது. பிள்ளை பிறந்தது, மாடு செத்தது, பிரமோஷன் வந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. சிவகிரிக்காரனின் மனைவி இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையோடு போனதும் இருக்கிறது. ஒரே ஒரு மகள் அவனுக்கு. அவள் நன்றாகப் படிக்கிறாள், வாத்தியார் வேலைக்குத்தான் அனுப்பப் போகிறேன் என்று நோட்டில் அவன் எழுதாத சுற்று கிடையாது. ஒருதடவை அவள் போட்ட கணக்கு ஒன்றை அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தான்.

அந்த வருஷம் தபசுக்கு அவன் வரவில்லை. இருமல் என்று சொல்லி அனுப்பியிருந்தான். வேலைக்கும் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்தது. வாத்தியார்களுக்குச் சுண்ணாம்புத் தூளால் இருமல் வருவதுதானே என்று நாங்களும் பேசிக்கொண்டோம்.

நோட்டு கார்த்திகை மாதம் என் கைக்கு வந்தது. கடையில் நல்ல கூட்டம். மில்லிலிருந்து ரிஜிஸ்தர் தபால்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு நாலு கையெழுத்துப் போடுவேன். தபால்காரர் நீட்டிய இடங்களில் எல்லாம் போட்டுவிட்டுத் தபால் கட்டை வாங்கி வைத்தேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு நோட்டைப் பிரித்தேன். வரிசைப்படி முதலில் தூத்துக்குடிக்காரன் பக்கம். அவன் ஆபீஸில் யாரோ பையன் இரண்டு தடவை பெயிலானானாம். அதற்கு இவன், “எங்க செட்டிலும் ஒரு ஆள் இருக்கான், ரெண்டு தடவை இங்கிலீஷில் மண்ணைக் கவ்வியவன், இன்னைக்குப் பெரிய நூல் கடை முதலாளி, ஆனா டஜனுக்கு ஸ்பெல்லிங் கேட்டால் முழிப்பான்” என்று சொன்னானாம். ஆபீஸே சிரித்ததாம். அதை நோட்டில் வேறு எழுதியிருந்தான்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. அந்த வருஷம்தான் என் மூத்த பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் வீடு தூத்துக்குடி. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், சொல்லிவிட்டேன். நோட்டை மூடினேன். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. பீரோவில் வேட்டிகளுக்குக் கீழே தள்ளிவிட்டுப் பூட்டினேன். நோட்டு வரவில்லை என்று தூத்துக்குடிக்காரன் தவிக்கட்டும், அவனே வந்து என்னிடம் கேட்கட்டும், அப்போது மூஞ்சியில் எறிகிறேன் என்று இருந்துவிட்டேன்.

மார்கழி போயிற்று. தை போயிற்று. யாரும் கேட்கவில்லை. சிவகிரிக்காரனுக்கு உடம்பு சரியில்லை, அவனிடம்தான் நிற்கிறது என்று மற்ற இருவரும் நினைத்திருக்கிறார்கள். தனிக் கடுதாசி எழுதிக் கேட்கலாம் என்றால் அதுதான் என் சட்டப்படி கூடாதே.

மாசியில் திருவேங்கடத்துக்காரன் பருத்தி விற்க வந்தவன் கடைக்கு வந்தான். உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, “நோட்டு எங்கன வே நிக்குது? ஆளையே காணோம்?” என்றான்.

“இன்னும் வரலை” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது.

“அப்போ அவனுக்கு ரொம்ப முடியலை போலுக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரணும்” என்று சொல்லிவிட்டுப் போனான். பொய் சொன்ன பிறகு கடையில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தேன். தூத்துக்குடிக்காரன் பக்கத்தைத் தாண்டித் திருப்பினேன்.

சிவகிரிக்காரன் ஒரே ஒரு பக்கம்தான் எழுதியிருந்தான். எழுத்து கோணலாகப் போயிருந்தது. இருமல் இல்லை, காசநோய்தான் என்று எழுதியிருந்தான். ‘பிள்ளை எட்டாம் கிளாஸ் பாஸ் பண்ணிவிட்டாள். அக்கா தன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்கத் தையில் நாள் குறித்துவிட்டாள். அவனுக்கு முப்பத்தாறு வயது, முதல் தாரம் இறந்துவிட்டது, இரண்டு பிள்ளைகள். அக்கா ஊற்றும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு படுத்திருக்கிற நான் அவளை எதிர்த்துப் பேச முடியாது. உங்களில் யாராவது ஒருவர் தை பிறப்பதற்குள் வாருங்கள். வாத்தியார் டிரெய்னிங் ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டது, கூட்டிப் போக வந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். வெளி ஆள் வந்து கேட்டால் அக்கா மறுக்கமாட்டாள், கௌரவம் பார்ப்பாள். ஸ்கூல் திறக்கிற வரை பிள்ளையை ஆறு மாதம் வீட்டில் வைத்துக்கொண்டால் போதும். எனக்காக வேறு எதுவும் செய்ய வேண்டாம்.’ அவ்வளவுதான். கடைசியில் என்னைக் குறித்து ஒரு வரி இருந்தது. ‘நோட்டு அடுத்து வருவது உன்னிடம். பக்கத்தில் இருப்பவனும் நீதான். நீ வந்துவிடுவாய் என்று தெரியும்.’

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் சிவகிரிக்குப் போனேன். நோட்டைப் பையில் வைத்திருந்தேன். காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அக்கா வீட்டு வாசலில் பந்தல்கால் நட்ட குழிகள் நாலும் மூடாமல் கிடந்தன. அதைப் பார்த்ததுமே என் தைரியம் போய்விட்டது.

அவனை மாட்டுத் தொழுவத்தில் ஒரு பக்கம் தட்டி வைத்து மறைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். தனி டம்ளர், தனி வட்டில். பாயில் எலும்புதான் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை.

“வந்துட்டியாலே” என்றான்.

“வாசல்லே என்ன குழி?” என்றேன். தெரியாதவன் மாதிரிக் கேட்டேன்.

“பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சு. தை கடைசியிலே.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “நோட்டிலே எழுதியிருந்தேனே.”

“நோட்டா? எனக்கு வரவே இல்லையே” என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பை என் மடியில் இருந்தது. நோட்டின் முனை துணிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்ததோ என்னவோ, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“வரலையா” என்றான்.

“வரலை. நீ அனுப்புனியா?”

இருமல் வந்தது. அடங்க வெகுநேரமாயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு, “அனுப்புனேன். வழியிலே தொலைஞ்சிருக்கும். புக் போஸ்டுதானே, யாரு கேக்கப் போறா” என்றான். அப்புறம், “நல்லவேளை. நான் வேற என்னென்னமோ நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்” என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் தப்பித்தேன் என்று மட்டுமில்லை. அவன் மனசும் ஆறிவிட்டதே என்று இருந்தது. பொய்யில் ஒரு நல்லது நடந்துவிட்டது என்றே நினைத்தேன். கிளம்பும்போது அவன், “புதுசா ஒரு நோட்டு போடுலே. மொதப் பக்கம் நீயே எழுது” என்றான். போடுகிறேன் என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் பசி எடுத்தது. ஸ்டாண்டில் இறங்கி இட்லி சாப்பிட்டேன்.

பங்குனியில் அவன் போய்விட்டான். நோட்டு தபாலில் தொலைந்துவிட்டதாக மற்ற இருவருக்கும் நானே கார்டு போட்டேன். அதுதான் நான் அவர்களுக்கு எழுதிய முதல் தனிக் கடுதாசி. நோட்டை எரித்துவிடலாம் என்று ஒருநாள் அடுப்பங்கரை வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்ப பீரோவிலேயே வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மூன்று பேரும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவன் மகள் வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது, மூத்தாள் பிள்ளை. சின்ன உடம்பு அவளுக்கு. பிள்ளையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

ரிஜிஸ்தர் தபாலோடு வரும் சீட்டு அது. தபாலை வாங்குகிறவர் அதில் கையெழுத்துப் போட்டால், அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

“இது உங்க கையெழுத்துதானே மாமா?” என்றாள்.

சங்கரன்கோவில் தபாலாபீஸ் முத்திரை இருந்தது. கீழே என் பெயர், வளைவும் சுழிவுமாக.

“ஆமாம்மா” என்றேன்.

“இந்தத் தடவை புக் போஸ்டு வேண்டாம், தொலைஞ்சுரும்னு அப்பா சொன்னாங்க. நான்தான் போஸ்டாபீஸ் போய் ரிஜிஸ்தர் பண்ணுனேன். இது திரும்பி வந்த அன்னைக்கு, ‘அவன் கைக்குப் போயிருச்சுட்டி, இனிமே வந்துருவான்’னாங்க. நீங்க வந்துட்டுப் போனபெறகு இதைப் பாயிக்குக் கீழே வச்சுட்டாங்க. யாருகிட்டேயும் காட்டாதேன்னாங்க.”

என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நான் சொல்லப்போவதை எதிர்பார்த்து நிற்கவில்லை. இடுப்புப் பிள்ளை சிணுங்கியது, அதை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

“மார்கழி பூரா பஸ் வார நேரத்துக்கெல்லாம் வாசல்லே போய் நிப்பேன் மாமா” என்றாள். “ரெண்டு பாவாடையும் எட்டாம் கிளாஸ் சர்ட்டிபிகேட்டும் வச்சுப் பெட்டிகூடக் கட்டி வச்சிருந்தேன்.”

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். சீட்டை என் ஈரக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.