பாட்டில் கழுத்தில் மஞ்சள் வளையம்

மஞ்சளின் சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எண்ணெயோ தண்ணீரோடு சேராது. இந்த இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவே பஞ்சாயத்து பண்ணுவதுதான் எனக்கு வாய்த்த முதல் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன குளிர்பானக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் போய்வருவேன். அப்பா அந்த வருடம் ரிட்டயர் ஆக இருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், எனக்கோ வேலை நிரந்தரமாகவில்லை.

புது மஞ்சள் பானத்துக்காக மஞ்சள் சாரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து, எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்துவைக்க சோயா லெசித்தின் சேர்த்து, மெஷினில் விடுவோம். மெஷின் அதை அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைக்கும். மஞ்சள் அந்தத் துளிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். எங்காவது பிசகினால் எண்ணெய் மேலே ஏறி, பாட்டிலின் கழுத்தில் மஞ்சள் வளையமாக ஒட்டிக்கொள்ளும். லெசித்தின் அளவு என் பொறுப்பு. மெஷின், திருநின்றவூரிலிருந்து வரும் ஆபரேட்டரின் பொறுப்பு. அவர் அதை வேறு யாரையும் தொட விடமாட்டார்.

ஆறு பாட்டில்களைப் பதினைந்து நாள் அலமாரியில் அசைக்காமல் வைக்கச் சொன்னார் முதலாளி. வளையம் வராவிட்டால் பானம் கடைக்குப் போகும், என் வேலையும் நிரந்தரம்.

பதினான்காம் நாள் ஆயுத பூஜை. காலையில் ஒரு பாட்டிலின் கழுத்தில் நூல்போல மஞ்சள் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மெஷினைக் கழுவிப் பொட்டு வைத்த ஆபரேட்டர் அலமாரிப் பக்கம் வந்தார்.

"நம்ம கையால செஞ்ச சரக்கு. இதுக்கு வெக்காம இன்னாம்மா பூஜை?"

பாட்டில்களை அசைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். நின்ற வாக்கிலேயே ஒவ்வொரு கழுத்தைச் சுற்றியும் சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. முதலாளி வந்து பாட்டில்களைப் பார்த்தார். பூஜைச் சந்தனத்தைத் துடைக்க அவருக்கு மனம் வரவில்லை. "வளையம் இல்லையே?" என்று என்னைக் கேட்டார். "இல்லை சார்" என்றேன். நல்ல நாளில் தொடங்கட்டும் என்று அன்றே உத்தரவு போட்டார். என் வேலையும் நிரந்தரமானது.

ஒரே மாதத்தில் கடைகளிலிருந்து பாட்டில்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் வளையம். மெஷினில் அழுத்தம் போதவில்லை என்று முதலாளி முடிவு கட்டி, ஆபரேட்டரை நிறுத்திவிட்டார். லெசித்தினைக் குறைத்துப் போட்டேனோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

டிபன் பாக்ஸை எடுக்க வந்த ஆபரேட்டர், பூஜை பாட்டில் ஒன்றை எடுத்துக் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

"இதுலயும் கீது பாரு. அன்னிக்கே இருந்திச்சோ இன்னாவோ. நீ பாக்கலியாம்மா?"

"பார்க்கலை அண்ணே."

"நான்தான் சந்தனத்த அப்பி மறச்சிட்டேன். நீ இன்னா பண்ணுவ, உடு" என்று சொல்லி, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் லெசித்தினைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். வளையம் வரவில்லை. புது ஆபரேட்டருக்கு நல்ல கைராசி என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன்.