பால் அரண்மனை

செட்டக்காவுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. நாடகக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மேடைக்குச் செட் போடுகிறவள், ஆகவே செட்டக்கா. காடு, கப்பல், ஜெயில், எது வேண்டுமானாலும் சொன்னால் போதும். மூன்று வாரத்தில் நிற்கும். ஆனால் சொன்னது காதில் விழ வேண்டாமா? அங்கேதான் வந்தது வம்பு.

ஒரு வருஷமாக அவளுக்கு இடது காது மந்தம். யாரிடமும் மூச்சு விடவில்லை, கட்டிய புருஷனிடம்கூட. எல்லாம் அவளுடைய அம்மா பட்ட பாட்டைப் பார்த்த பயம். டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் காது போனது. கேட்ட ஊரை விட்டுவிட்டு வேறு ஊருக்கு டிக்கெட் கிழித்தாள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டியே காலத்தை ஓட்டினாள். செட்டக்காவுக்கு இப்போது நாற்பத்து நான்கு. இன்னும் ஒரே வருஷம்!

புதிதாக வந்த டைரக்டருக்கு எழுதிக் கொடுக்கும் பழக்கமே கிடையாது. எல்லாம் போன்தான்.

"சின்னப் பசங்க நாடகம்க்கா. உலகமே எரிஞ்சு முடிஞ்சாச்சு. ஒரு குட்டி ராணி மட்டும் மிச்சம். தன் ராஜ்ஜியம் இன்னும் இருக்குன்னு நம்பிட்டிருக்கா. சுத்தி எல்லாம் கரி, சாம்பல். நடுவுல ஒரு பால் அரண்மனை!"

அன்றைக்கு வலது கையில் பிரஷ் இருந்ததால் போனை இடது காதில் வைத்திருந்தாள். 'அடேங்கப்பா, என்ன கற்பனை!' என்று சொக்கிப்போனாள்.

வேலையில் குறை வைக்கவில்லை. தகரத்தை நெளித்தாள், பழைய டயர்களைச் சரித்துப் போட்டாள், மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பித் துருப்பிடிக்க வைத்தாள். நடுவே மூன்று கோட் வெள்ளையடித்து, வழவழவென்று தேய்த்து, அரண்மனையை நிறுத்தினாள்.

நாடகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது டைரக்டர் பார்க்க வந்தார்.

"டயர் அருமை. தகரம் அருமை. அது என்னக்கா, நடுவுல கல்யாண கேக் மாதிரி?"

"பால் அரண்மனை சார்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். பால் அரண்மனை எங்க?"

"இதுதான் சார்."

"இதுல எங்க பால் இருக்கு? செவுரு இடிஞ்சிருக்கணும், கூரை பறந்திருக்கணும், வௌவால் தொங்கணும்!"

அப்போதுதான் உறைத்தது. பால் இல்லை, பாழ். செட்டக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போச்சு, காது போயேபோச்சு, இனி அம்மா மாதிரி மூலையில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் ஒரு பெரிய பொட்டலத்தோடு மேடையேறினார். அவருக்குப் பாம்புக் காது. அடுத்த அறையில் அவரைப் பற்றிக் குசுகுசுத்தால் இங்கிருந்தே பதில் சொல்லும் ஆசாமி.

"சார், பால் நாட்டு ராணியோட கவுன். கடை கடையா ஏறி இறங்கி அசல் பால் வெள்ளையா பிடிச்சேன். ஒரு பொட்டு அழுக்கு இல்ல, பாருங்க!"

செட்டக்கா கவுனைப் பார்த்தாள், டைரக்டரைப் பார்த்தாள். போன உயிர் திரும்பி வந்தது. கோளாறு காதில் இல்லை, நாக்கில்!

டைரக்டர் பொத்தென்று ஒரு டயர்மேல் உட்கார்ந்தார்.

"எனக்கு அந்த எலுத்து வராதுக்கா. சின்ன வயசுலேர்ந்தே. நடிகனாகத்தான் ஆசைப்பட்டேன், இது ஒண்ணால டைரக்டர் ஆனேன். யாருக்கும் தெரியலைன்னு நெனச்சுட்டிருந்தேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் செட்டக்கா தப்பித்திருப்பாள். ஆனால் அந்த மனுஷன் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சார், எனக்கும் இடது காது சரியா கேக்காது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து, அவளுடைய வலது பக்கம் வந்து நின்றுகொண்டார்.

"இனிமே இங்கேர்ந்து பேசறேன். நான் பால்னு சொன்னா, நல்ல பாலா கெட்டுப்போன பாலான்னு நீங்க கேட்டுடுங்க."

தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மத்தியானம் மூன்று பேருமாகச் சேர்ந்து அரண்மனையை இடித்தார்கள். வெள்ளைச் சுவர் பாதி நின்று பாதி சரிந்தபோது, அங்கே நிஜமாகவே ஒரு ராணி வாழ்ந்திருந்த மாதிரி இருந்தது. முதலிலேயே இடிசலாகக் கட்டியிருந்தால் இது வந்திருக்காது என்று செட்டக்காவுக்குத் தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"காதுதானா? அப்பாடா! ஒரு வருஷமா நான் கூப்பிட்டா பாதி நேரம் திரும்பவே மாட்டேங்கிற. என்னைப் பிடிக்காம போயிடுச்சோன்னு நெனச்சுட்டிருந்தேன்."